மூச்சு விடும் இடம்

விண்ணப்பப் பத்திரத்தில் வெற்றிடம் விடக் கூடாது என்பது இளம் வயதில் எனக்கு இருந்த ஒரே கொள்கை. 'வேறு திறமைகள்' என்று கேட்டு ஒரு கோடு போட்டிருந்தார்கள். தேயிலைச் செடியின் தலையைக் கவ்வாத்து வெட்டத் தெரியும் என்று எழுதியிருந்தால் அது உண்மை. ஆனால் அந்தத் திறமைக்குத்தான் தோட்டம் ஏற்கெனவே எனக்கு வேலை கொடுத்து, கையில் கத்தியும் கொடுத்திருந்ததே! ஆகவே 'சங்கீதம் எழுதவும் வாசிக்கவும் தெரியும்' என்று எழுதினேன். கோடு நிறைந்தது, மனமும் நிறைந்தது.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. தற்காலிகம். ஒரு வருடம் பார்த்துவிட்டு, ஆபீஸ் பெரிய கிளாக்கர் சரி என்று சொன்னால் தோட்டத்தை நடத்தும் தொரை நிரந்தரமாக்குவார். சரியில்லை என்றால் மறுபடியும் கவ்வாத்துக் கும்பல்தான். அம்மா அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. வேலை கிடைத்த அன்றே, "எம் மகன் இனி கத்தியத் தொட மாட்டான்" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு, என் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கி என் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டாள். அவன் என்னோடு கவ்வாத்து வெட்டியவன். கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் தப்புப் பறை அடிப்பவனும் அவனே.

பதினோராவது மாதம் பெரிய கிளாக்கர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்ப்பா வாத்தியாரே, ஒன் பத்திரத்துல சங்கீதம்னு போட்டிருக்கியே?"

"ஆமாங்க ஐயா."

"நல்லதாப் போச்சு. புதுப் பள்ளிக்கூடம் தொறக்க வீ.ஏ. தொரை வர்றாரு. பிள்ளைங்க வரவேற்பு பாடணும். நம்ம தொரசாணி பியானோ வாசிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. பாட்டை நோட்டு போட்டுக் கேக்குறாங்க."

"நாளைக்கே எழுதிக் குடுத்துடுறேங்க."

"எழுத்து இல்லப்பா. மெட்டு. கோடு கோடாப் போட்டு அதுமேல புள்ளி வச்சிருப்பாங்களே, அது. ஒனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததுதான். தலையை ஆட்டினேன்.

வீ.ஏ. தொரை என்றால் கொழும்பிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, எங்களை நடுங்க வைக்கும் தொரையையே நடுங்க வைக்கிறவர். அவர் வர மூன்று வாரம் இருந்தது.

"சினிமா மெட்டு கூடாது. போன வாத்தியாரு சினிமா மெட்டுல வரவேற்பு பாட வச்சு, பங்களா சமையல்கார அப்பு சிரிச்ச சிரிப்புல கையில இருந்த தட்டு கீழ விழுந்துச்சு. சொந்த மெட்டாப் போடு. நல்லா வந்துச்சுன்னா அன்னைக்கே ஒன் நிரந்தரக் கடுதாசிய டைப் பண்ணி தொரை மேசையில வச்சுடுறேன். நல்லா வராட்டி..."

அவர் முடிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கவ்வாத்து மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருபது பேர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனிடம் என் கத்தி இருந்தது.

பாட்டு எழுதுவது எனக்குப் புதிதில்லை. சினிமா மெட்டில் என் சொல்லைத் திணிப்பதில் கை தேர்ந்தவன். ஆனால் சொந்த மெட்டு? மூன்று காலை பனிக்குள் நடந்தேன். மூன்றாம் காலை அது வந்தது. அப்படி ஒரு மெட்டு. மெதுவாக எழுந்து, உச்சியில் தயங்கி, ஆடி ஆடி இறங்கியது. நான் அதைத் தேடவில்லை, அதுவாக வந்து வாயில் உட்கார்ந்தது. மேதைகளுக்கு அப்படித்தான் வரும் என்று படித்திருந்தேன். சொல்லும் கூடவே வந்தது:

*மலை ஏறி வந்தவரே, மகராசரே வருக,*
*மனம் போல வாழ்ந்திடவே மகிழ்வோடு வருக.*

இனி அதைக் கோட்டில் ஏற்ற வேண்டும். தோட்டத்தில் அந்த வித்தை தெரிந்த ஒரே ஆள் சின்ன ஆஸ்பத்திரியான மருந்துக் காம்பராவில் இருந்த மருத்துவிச்சி. என்னைவிட ஒரு வயது இளையவர். ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, மாதா கோயில் பாடற்குழுவில் பாடியவர். நாக்கு மட்டும் ஆஸ்பத்திரிக் கத்தி.

"எழுத வாசிக்கத் தெரியும்னே போட்டீங்களா?"

"போட்டுட்டேன், மிஸ்."

"மொத்தம் எத்தனை கோடு?"

"நாலு."

"அஞ்சு." அவர் சிரித்த சிரிப்பில், காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

நாலு என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கோட்டுத் தாள் கேட்டுத் தலவாக்கலைக் கடைவீதி முழுக்க அலைந்தேன். கடைசியில் ஒரு முஸ்லிம் கடைக்காரர், "அப்படியாப்பட்ட சாமான் கொழும்புலதான் கெடைக்கும் தம்பி. இது வேணும்னா இருக்கு" என்று, பிள்ளைகள் இங்கிலீஷ் எழுத்துப் பழகும் நாலு கோட்டுக் கொப்பியைத் தந்தார். ஐந்தாவது கோட்டை நானே அடிமட்டம் வைத்து ஒவ்வொரு வரிக்கும் போட்டேன். சங்கீதத்துக்கு நான் செய்த முதல் தொண்டு அது. இன்று யோசித்தால், குற்றம் சொல்ல முடியாத ஒரே தொண்டும் அதுதான்.

தினமும் மத்தியான இடைவேளையில் பாடம். நான் முனகுவேன். அவர் தெர்மாமீட்டரால் கோட்டைத் தட்டித் தட்டிப் புள்ளி வைப்பார். பிறகு அதை நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

"மேல போகுது பாருங்க. மேல, மேல. பிள்ளை பெறுற பொம்பளைகூட இப்படிக் கத்த மாட்டா, வாத்தியாரே."

ஒரு வாரத்தில் புள்ளிகள் மனிதர்களாகத் தெரிய ஆரம்பித்தன. கோட்டு வரிசையில் ஏறியும் இறங்கியும் நின்ற அவை, மலைச் சரிவில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும் பெண்களைப் போலவே இருந்தன. இடையிடையே மட்டும் ஒரு கோணல் குறி.

"இது என்ன மிஸ், நசுங்கின கரப்பான்பூச்சி மாதிரி?"

"அது ஓய்வு. அந்த நேரம் பாடக் கூடாது."

"பாடாததை எதுக்கு எழுதணும்?"

"எவ்வளவு நேரம் வாயை மூடணும்னு தெரிய வேணாமா? மத்தவங்களைவிட ஒங்களுக்கு அது அவசியம்."

நான் முனகியதில் முதல் வரியில் ஓர் இடத்தில் மூச்சு நின்றதாம். அங்கே ஒரு குறி வைத்திருந்தார். நல்ல பிரதி எழுதும்போது அதை நான் விட்டுவிட்டேன். தோட்டத்தில் சும்மா நிற்கிறவனுக்கு அன்றைய கூலிக்குப் பேர் பதிவதில்லை. என் பாட்டில் மட்டும் ஒருவன் சும்மா நிற்பானேன் என்று தோன்றியது. அதற்குப் பதிலாகத் தலைப்பில் 'லார்கோ' என்று சுழித்து எழுதினேன். மருத்துவிச்சியின் பழைய பாட்டுப் புத்தகத்தில் பார்த்த வார்த்தை. மிக மெதுவாக, கம்பீரமாக என்று பொருளாம். இத்தாலிய பாஷை. வலது மூலையில், மெட்டமைத்தவர் பெயர் வரும் இடத்தில், என் பெயரை அதைவிடப் பெரிய சுழிகளோடு எழுதினேன்.

கொப்பி பங்களாவுக்குப் போயிற்று. மறுநாள் தொரசாணியிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. மிக அழகாக இருக்கிறதாம், ஏற்கெனவே மனப்பாடமாகிவிட்டதாம். ஒரு நாள் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் இறங்கினேன். விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வரவேற்பில் தப்பும் வேண்டும் என்று பெரிய கிளாக்கர் என் கூட்டாளியை ஒத்திகைக்கு அனுப்பினார். பிள்ளைகள் ஒரு வரி பாடினார்கள். அவன் தப்பை மடியில் வைத்து நாலு அடி அடித்தான். நிறுத்தினான். என்னைப் பார்த்தான்.

"மச்சான், கொஞ்சம் வெளிய வா."

"என்னா?"

"இது எந்த எழவுக்கு?"

"எழவா? வீ.ஏ. தொரைக்கு வரவேற்புடா."

"அவரு எப்பச் செத்தாரு?"

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடுறேன்? எங் கையில்ல வெளையாடுது." மறுபடி அடித்துக் காட்டினான். சந்தேகமே இல்லை, பாடை தூக்கும்போது அடிக்கிற அடி. "வேற எந்த அடியும் இதுக்கு ஒட்ட மாட்டேங்குது. இது ஒப்பாரிடா. ஒங்கம்மா பாடுறது. போன கார்த்திகையில மேக்கணக்கு லயத்து எழவுலகூடப் பாடுனாங்க. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அம்மாவைப் போல ஒப்பாரி சொல்ல நாலு தோட்டத்திலும் ஆள் கிடையாது. சாவு விழுந்தால் அவளுக்குத்தான் முதலில் ஆள் வரும். புத்தகம் படிக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு அது வெட்கம். இழவு வீட்டுப் பக்கமே போக மாட்டேன். அவள் லயத்தில் முணுமுணுத்தால் நான் சத்தம் போட்டு இலக்கணம் படிப்பேன். காது கேட்காமல் இருந்துவிட்டதாகத்தான் பத்து வருடம் நம்பியிருந்தேன். காதோ என்னிடம் சொல்லாமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்து, பனிக்குள் நடந்த மூன்றாம் காலை மொத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டது.

"இப்ப என்ன மச்சான் செய்ய?"

"கத்தியத் தீட்டி வைக்கவா?" என்றான். "ஒங்கம்மா குடுத்தது நல்ல கத்தி. திருப்பிக் குடுக்கத்தான் மனசு வரல."

மெட்டை மாற்ற முடியாது, தொரசாணிக்கு மனப்பாடம். உண்மையைச் சொல்லவும் முடியாது. சொந்த மெட்டு என்றதும் பொய், சங்கீதம் தெரியும் என்றதும் பொய் என்றாகி, ஒரு மாதத்தில் நிரந்தரமாகப் போகிறவன் ஒரே நாளில் மலைக்குப் போவான். மருத்துவிச்சியிடம் ஓடினேன். அவர் இம்முறை சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஒரு வார்த்தையை மாத்துங்க. அந்த லார்கோவை. வேகமா வாசிச்சா எழவு வீடும் கல்யாண வீடாயிடும்."

பங்களாப் பின்வாசலில் அப்புவிடம் சொல்லி, தொரசாணி முன்னால் போய் நின்றேன். என் இங்கிலீஷ் புத்தக இங்கிலீஷ், வாயில் வரும்போது உடைந்துதான் வரும். பாட்டைக் கொஞ்சம் வேகமாக வாசித்தால் நன்றாக இருக்கும், அம்மணி, என்றேன்.

"நீங்கள்தானே மெதுவாக என்று எழுதியிருக்கிறீர்கள்?"

"அது... பிழை."

"இல்லை, இல்லை. இந்தத் தோட்டத்தில் அவசரப்படாத ஒரே பொருள் இதுதான். கேளுங்கள்" என்று பியானோ முன்னால் உட்கார்ந்தார்.

எழுதியது எழுதியபடி, மிக மெதுவாக, கம்பீரமாக வாசித்தார். நான் கதவோரம் நின்றேன். அந்தப் பயத்திலும் ஒன்று புரிந்தது. அது அழகாக இருந்தது. இலக்கணம் படித்து நான் அடைத்து வைத்த பாட்டு. முதல் வரியில் மட்டும் எங்கோ எதுவோ இடித்தது. என்ன என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் பாய்க்கு அடியில் வைத்தாள். "கிளாக்கரய்யா ஒன் மெட்டுன்னு சொல்லுவாராம்ல? மேக்கணக்குப் பொம்பளைங்களையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். ஒப்பாரி தெரிந்த அத்தனை காதையும் அவளே கூட்டிக்கொண்டிருந்தாள்.

விழா அன்று பியானோவைப் பங்களாவிலிருந்து பள்ளிக்கூட மைதானத்துக்கு இறக்கினார்கள். இரண்டு பச்சை மூங்கில், எட்டுப் பேர், மேலே வெள்ளைத் துணி. முன்னால் தப்பு போக வேண்டும் என்பது பெரிய கிளாக்கர் உத்தரவு. லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சட்டென்று எழுந்து நின்றார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

வீ.ஏ. தொரை வந்தார். மாலை, பூச்செண்டு, ரிப்பன். "இப்போது வரவேற்புப் பாட்டு. பாட்டும் மெட்டும் நமது வாத்தியாரின் சொந்தக் கைவண்ணம்" என்று பெரிய கிளாக்கர் முழங்கினார். ஓரத்தில் நின்ற என் கூட்டாளி தப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். எனக்குக் கொடுத்த வாக்கு அது. தொரசாணி விரலை வைத்தார்.

*மலை ஏறி வந்தவரே, மகராசரே வருக...*

முதல் வரியில் பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. இரண்டாம் வரியில் யாரோ "அடியே" என்றார்கள். மூன்றாம் வரியில் ஒருத்தியின் கை பக்கத்தவள் தோளுக்குப் போனது. அவள் கை அடுத்தவள் தோளுக்கு. இழவு வீட்டில் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்களே, அந்த வட்டம் மைதானத்து நடுவில் தானாக உருவாகிக்கொண்டிருந்தது. யாரும் அழ வேண்டும் என்று வரவில்லை. கண் மட்டும் பழக்கப்பட்ட வேலையைச் செய்தது. என் கூட்டாளி கட்டிய கையை அவிழ்க்கவில்லை, ஆனால் அவன் கால் கட்டைவிரல் மண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய கிளாக்கர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கவ்வாத்து மலை முழுக்கத் தெரிந்தது.

அம்மா வட்டத்தில் சேரவில்லை. நிமிர்ந்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. என்னைப் பார்க்கவில்லை, பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீ.ஏ. தொரை பெண்களைக் கவனித்துவிட்டார். குனிந்து பெரிய கிளாக்கரிடம், "இவர்கள் ஏன் அழுகிறார்கள்?" என்று கேட்டார்.

பெரிய கிளாக்கர் ஒரு விநாடி கண்ணை மூடினார். என் நிரந்தரம், அவர் நிரந்தரம், தொரையின் நிரந்தரம் எல்லாம் அந்த ஒரு விநாடிக்குள் இருந்தன.

"சந்தோஷம், சார். மிகப் பெரியவர்கள் வந்தால் மட்டும்தான் இப்படி, சார்."

வீ.ஏ. தொரை நெகிழ்ந்துபோனார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை தலை குனிந்து நின்றார். ஒரு சாவுக்கு இவ்வளவு முறையாக நின்ற வெள்ளைக்காரரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் பெரிய கிளாக்கர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"சொந்த மெட்டுன்னியே."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எங்கம்மா செத்தப்ப ஒங்கம்மாதான் வந்து பாடுனாங்க. எனக்குக் காது இல்லைன்னு நெனச்சியா?" டைப்ரைட்டரைத் தம் பக்கம் இழுத்தார். "ஒன்ன நிறுத்துறதுன்னா காரணம் எழுதணும். வீ.ஏ. தொரையை எழவு பாடி வரவேத்தான்னு நான் எப்படிப்பா எழுதுவேன்? அதுவும் இங்கிலீஷ்ல?" நிரந்தரக் கடிதத்தைத் தட்டி முடித்தார். "தொரை மேசையில வைக்கிறேன். கையெழுத்து ஆகுற வரைக்கும் வாயத் தொறக்காத."

வீட்டுக்குப் போனேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அது ஒந் தங்கச்சிக்குப் போட்டது" என்றாள், திரும்பாமல். "நாலு வயசு. காய்ச்சல்ல போனா. ஒனக்கு அப்ப ஆறு. முக்காலியில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்த. *மடி எறங்கிப் போனவளே, மறுபடி வாராயோ*ன்னு அன்னைக்குத்தான் அது எனக்கு வந்துச்சு. அதுக்கப்பறம்தான் மத்தவங்க எழவுக்கெல்லாம் பாடுனேன்."

தட்டிய ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

"தொரசாணி நல்லாத்தான் வாசிக்கிறாங்க. ஆனா மூச்சு விடாம வாசிக்கிறாங்க. 'போனவளே'ன்னா அங்க நிக்கணும். அழுகை அங்கதான இருக்கு? அவங்க விட்டுட்டாங்களா, நீ விட்டுட்டியா?"

நசுங்கின கரப்பான்பூச்சி கண் முன்னால் வந்தது.

"நான்தாம்மா."

"ஏன்?"

கொப்பியில் இடம் இல்லை என்றேன். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் சொல்லக்கூடிய பொய்.

"சரி விடு. வேலை நெலச்சிருச்சுல்ல?" என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் காலை மறுபடி பங்களாப் பின்வாசல். நிரந்தரக் கடிதம் இன்னும் கையெழுத்தாகாமல் தொரை மேசையில் இருந்தது. இரண்டு சுவர் தள்ளி அந்த மேசை. கொப்பியைக் கொஞ்சம் தர முடியுமா என்று தொரசாணியிடம் கேட்டேன். முதல் வரியில், 'வந்தவரே'வுக்குப் பிறகு, அந்தக் கோணல் குறியை வைத்தேன். கை வலது மூலைக்குப் போனது. அங்கே என் பெயர் சுழித்துக்கொண்டு நின்றது. அதை அடித்தேன். அம்மா பெயரை இங்கிலீஷில் எழுதினேன். சுழி வரவில்லை.

"இது யார்?" என்றார் தொரசாணி.

"என் அம்மா. மேல் மலையில் கொழுந்து எடுக்கிறார். மெட்டு அவருடையது. எனக்குச் சங்கீதம் தெரியாது, அம்மணி. மூன்று வாரத்துக்கு முன்னால் கோடு ஐந்தா நாலா என்றுகூடத் தெரியாது." வாய் திறந்தது திறந்ததுதான். "இது வரவேற்புப் பாட்டும் இல்லை. இறந்தவர்களுக்குப் பாடுவது."

அவர் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் தொரை யாரையோ அதட்டுவது கேட்டது.

"யாருக்குப் பாடியது?"

"என் தங்கைக்கு. நாலு வயது."

தொரசாணி அந்தக் கோணல் குறியின் மேல் விரலை வைத்தார். பிறகு கொப்பியைப் பியானோ மேல் வைத்தார்.

"எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?"

அவர் வாசிக்க, அந்த இடத்தில் நான் கையைத் தூக்கிக் காட்டினேன். நின்றார். இறங்கினார்.

கடிதம் மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் என் கூட்டாளி வழியில் கண்டபோதெல்லாம் இடுப்பிலிருந்த கத்தியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். நாலாம் நாள் வந்தது. நிரந்தரம். தொரை தெரிந்து கையெழுத்துப் போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கத்தியை அவன் திருப்பித் தரவேயில்லை.

அந்த வாரம் ஒரு மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போகும் வழியில், கூடையோடு அம்மா பங்களாவுக்குக் கீழே நின்றுவிட்டாள். மேலே ஜன்னல் திறந்திருந்தது. பியானோ ஏறியது, முதல் வரியில் நின்றது, இறங்கியது. நான் பக்கத்தில் போய் நின்று, மெதுவாக, "இப்பச் சரியாம்மா?" என்றேன்.

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரி செய்துகொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் நிக்கலாம்" என்றாள்.